அண்டாவில் கலந்த கடல்

இழுக்கக் கூடாது. பிடித்துக்கொண்டால் இழுக்கவே கூடாது, கால் நுனியிலிருந்து ஒவ்வொரு உறிஞ்சியாக விரலால் நெம்பி எடுக்க வேண்டும், நாம் பதறினால் அதுவும் பதறும் என்று யுகா சொல்லியிருக்கிறான். யுகேந்திரன் சொன்ன எதையும் அவனுடைய அப்பா பக்தவத்சலம் இந்தப் பதினோரு மாதமாகத் தட்டியதில்லை. தட்டாமல் நடந்த லட்சணம்தான் இப்போது அவருடைய வலது மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வெளிறிக் கிடக்கிறது. மணி மூன்றாகப் பத்து நிமிடம். பெரவள்ளூரில் இரண்டாவது மாடி வீட்டின் ஹாலில், டிவி இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட நான்கடிக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால், சமையலறை ஸ்டூலில் ஏறி, வலது கையை முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஐம்பத்தொன்பது வயது மனிதர் நிற்கிறார். சட்டைக் கை நனைந்து விலா வரை ஒழுகிவிட்டது. மூக்கு அரிக்கிறது. இடது கையில் செல்போன். போனை வைக்க எட்டுகிற தூரத்தில் இடமில்லை, மூக்கைச் சொறியக் கையில்லை. எட்டுக் கால் இருக்கிற ஜீவனுக்கு எதிரில் இரண்டு கை போதாமல் நிற்பதை நினைத்தால், வேறொரு நாளாக இருந்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். வேறொரு நாள். நேற்று கூட வேறொரு நாள்தான். நேற்று சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எல்லாம் சரியாகத்தானே இருந்தது. ஆறு மணிக்கு அந்தப் பல்லி. சனியன் பிடித்த பல்லி, விழுவதற்கு வேறு இடமா இல்லை.

காசிமேட்டில் இதைப் பேய்க்கணவாய் என்கிறார்கள். யுகா முதலில் ஆக்டோபஸ் என்றான், இரண்டு வாரம் கழித்து மேஸ்திரி என்றான். உடைந்த மண்சட்டி ஒன்றைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தால், அது விடிவதற்குள் சட்டி வாசலில் கல்லும் கிளிஞ்சலுமாக அடுக்கிச் சுவர் எழுப்பிவிட்டிருந்தது. ஒரு கல்லை எடுத்து வைக்கும், பின்னால் நகர்ந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டு வேறு கல் எடுக்கும். சம்பளம் கொடுக்கிறவன் மாதிரி யுகா பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். மனநல டாக்டர் ஏதாவது வளர்க்கச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னார், ரோஜாச் செடி, தங்கமீன், அந்த மாதிரி எதையோ மனதில் வைத்துத்தான் அவரும் சொல்லியிருப்பார். இவன் போனில் எதையோ பார்த்துவிட்டு இது வேண்டும் என்றான். மூன்று மாதமாக எதுவுமே வேண்டும் என்று சொல்லாத பிள்ளை. யானை வேண்டும் என்றாலும் அன்றைக்குப் பக்தவத்சலம் அங்குசத்தோடு கிளம்பியிருப்பார். வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்கிறீர்கள் என்று கீழ் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லட்டும். கொளத்தூரில் தொட்டியில் வளர்க்கும் கடல் மீன் விற்கிற ஜான்பாஷா படகுக்காரர்களிடம் சொல்லி வைத்து வாங்கித் தந்தார். வந்த மூன்றாம் நாள் பக்தவத்சலம் குனிந்து பார்க்கப் போனபோது, அது சட்டிக்குள்ளிருந்து குறி வைத்து அவர் முகத்தில் தண்ணீரைப் பீச்சியடித்தது. மூக்குக் கண்ணாடியெல்லாம் உப்பு. பின்னால் ஒரு சத்தம். என்னவென்று திரும்பினால் யுகா சிரிக்கிறான். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்றே வீட்டில் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து அவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வேலையில்லாமல் தொட்டிப் பக்கம் போய், துவைத்துப் போட்ட சட்டையோடு நனைந்துவிட்டு வருவார். "உங்களை மட்டும் ஏன்ப்பா அதுக்குப் பிடிக்க மாட்டேங்குது" என்பான் யுகா. பிடிக்காமலே இருக்கட்டும் சாமி, நூறு வருஷத்துக்குப் பிடிக்காமலே இருக்கட்டும் என்று அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். இன்றைக்குத்தான் அதற்கு அவரைப் பிடித்திருக்கிறது. மூன்று கால்களால்.

அதற்குத் தீனியாக நண்டு வாங்கி வர வேண்டும் என்பதற்காக யுகா காலையில் எழுந்திருக்க ஆரம்பித்தான். நண்டு உயிரோடு வேண்டும் என்பதற்காக வெளியே நடக்க ஆரம்பித்தான். உப்பு அளக்க வேண்டும் என்பதற்காக நேரம் பார்க்க ஆரம்பித்தான். இப்படி ஒவ்வொரு காலாகப் பிடித்துப் பிடித்து அதுதான் அவனைக் கட்டிலிலிருந்து இழுத்துக் கொண்டுவந்தது, டாக்டரும் இல்லை மாத்திரையும் இல்லை என்பது பக்தவத்சலத்தின் கட்சி. டாக்டர் முன்னால் சொல்ல மாட்டார். இன்றைக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அவனுக்கு இன்டர்வியூ. பதினோரு மாதத்தில் முதல் தடவையாகத் தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறான். நேற்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "நாளைக்குத் தண்ணி மாத்தணும். நான் இருக்க மாட்டேன். நீங்க பண்றீங்களாப்பா?" என்றான். பண்றீங்களாப்பா. பார்சல் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவரிடம் யாரும் எந்தப் பொறுப்பையும் இவ்வளவு மெதுவாகக் கொடுத்ததில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார். டிரம்மில் தண்ணி கலந்து வைத்திருக்கிறேன், பதினோரு மணிக்குத் தொட்டியிலிருந்து நாற்பது லிட்டர் எடுத்துவிட்டு அதை ஊற்றிவிடுங்கள், அவ்வளவுதான் என்றான். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை அப்படியே விட்டிருக்கக் கூடாதா?

பல்லி. யுகா இன்டர்வியூவுக்காக முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரம். துவைக்கிற பால்கனியில் இருந்த பிளாஸ்டிக் டிரம்மின் மூடி கால்வாசி நகர்ந்திருந்தது. உள்ளே பார்த்தால், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு பல்லி மிதக்கிறது. பல்லி விழுந்த பாலை என்ன செய்வோம்? பல்லி விழுந்த குழம்பை? விஷமில்லையா? சின்ன வயதில் ஒரு கல்யாணச் சாம்பாரில் பல்லி விழுந்து ஊரே வாந்தியெடுத்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அந்த விஷத்தைக் கொண்டுபோய் அந்த வாயில்லா ஜீவன்மேல் ஊற்றுவதா? பையனிடம் சொன்னால் பதறுவான், ராத்திரி தூங்க மாட்டான், காலையில் போகவில்லை என்பான். சொல்லவில்லை. டிரம்மைக் கவிழ்த்தார். கவிழ்த்த பிறகு டிரம்மைப் பார்த்தால் அதிலேயே பல்லி வாடை அடிப்பது போல இருந்தது. பிளாஸ்டிக் வேறு. எத்தனை நாளாகச் சொல்ல நினைத்திருக்கிறார், பிளாஸ்டிக்கில் தண்ணீர் வைக்காதேடா என்று. பரண்மேல் செப்பு அண்டா இருக்கிறது. மனைவி கோமளவல்லிக்குக் கல்யாணத்தில் அவள் அப்பா கொடுத்தது, வாய் விளிம்பில் அவள் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும், வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் தவிர கீழே இறங்காதது. இறக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது, ஆனாலும் இறக்கினார். புளியும் உப்பும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தார், உள்ளே முகம் தெரிகிற வரைக்கும், ஒரு புள்ளிக் கறுப்பு இல்லாமல். செம்பில் வைத்த தண்ணீரில் கிருமி சாகும் என்று தினமும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அவரும் பத்துப் பேருக்கு அனுப்புகிறார். வடிகட்டுகிற மெஷினிலிருந்து குடம் குடமாகப் பிடித்து ஊற்றி, பாக்கெட்டில் எழுதியிருந்த கணக்குப்படி உப்பைப் போட்டு, மரக்கரண்டியால் கலக்கி, காற்றுக் குமிழிவிடுகிற குழாயையும் உள்ளே போட்டு, தாம்பாளத்தால் மூடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தார். ராத்திரி முழுக்க அது குபுகுபு என்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. காலையில் திறந்து பார்த்தபோது தண்ணீரில் லேசாக ஒரு நீலப் பச்சை. ஆகா, கடல் நிறமே வந்துவிட்டது என்று நினைத்தார். நினைத்தாரே! கடல் நிறம் என்று நினைத்தாரே!

இப்போது கால் ஒன்று மணிக்கட்டிலிருந்து மேலே ஊர்கிறது, முழங்கையை நோக்கி. உறிஞ்சிகள் ஒவ்வொன்றாக ஒட்டி, விட்டு, ஒட்டி. வலி இல்லை. ஈர உதடுகள் வரிசையாக முத்தமிட்டால் எப்படி இருக்கும், அப்படி. சனியன், எதற்கு முத்தமிடுகிறாய், கடி, உனக்குத்தான் கிளி மூக்கு மாதிரி வாய் இருக்கிறதாமே, நண்டு ஓட்டையே உடைக்கிறாயே, கடித்துவிடு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்தப் பழமொழியை எழுதினவன் இந்த ஹாலுக்கு வந்து பார்க்க வேண்டும். ஒன்றரை மணிக்குத்தான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மேஸ்திரி சட்டியை விட்டு வெளியே வந்து, தான் கட்டின சுவரைத் தானே இடித்துக்கொண்டு, கண்ணாடியில் ஏறி ஏறி விழுந்தது. உடம்பு செங்கல் நிறமானது, சாம்பலானது, ஒரு பக்கம் மட்டும் வெளுத்தது. மூச்சுவிடுகிற ஓட்டை திறந்து மூடித் திறந்து மூடி. ஜான்பாஷாவுக்குப் போன் போட்டார். "தண்ணி மாத்துனீங்களா சார்? உப்பு சரியா? சரி. எதுல கலந்தீங்க?" "அண்டால." "என்ன அண்டா?" "செப்பு அண்டா. சுத்தமா தேச்சுட்டுத்தான்." அந்தப் பக்கம் மீன் தொட்டிகளின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. "சார்… செம்பு ஆகாது சார் அதுக்கு. மீனாவது கொஞ்சம் தாங்கும். இது தாங்காது. தம்பிக்குத் தெரியுமே, தம்பி சொல்லலையா?" பிறகு அவரே தண்ணீரை மாற்றச் சொன்னார், உப்பு தீர்ந்துவிட்டது என்றதும் செம்பை உறிஞ்சுகிற கரித்தூள் பை இருந்தால் போடச் சொன்னார், ஆள்மூலம் உப்பு அனுப்புகிறேன் என்றார், எத்தனை மணி நேரமாச்சு என்று கேட்டார், கேட்டுவிட்டு, "அனுப்புறேன் சார், ஆனா…" என்றார். ஆனா என்பதற்கு மேல் ஒரு நல்ல மனிதர் என்னதான் சொல்ல முடியும். இன்னொன்றும் சொன்னார், சொல்லாமல் இருந்திருக்கலாம்: "விசித்திரம் பாருங்க சார், அதோட ரத்தத்துலயே செம்புதான் ஓடுது. நீலமா இருக்கும். ஆனா தண்ணியில கலந்தா போச்சு."

தம்பி சொல்லலையா. தம்பி சொன்னான் ஐயா, சொன்னான். தொட்டிப் பக்கம் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் சொன்னான். "அப்பா, மோதிரம்." அவ்வளவுதான் சொல்லுவான். சூட்டுக்கு நல்லது என்று பக்தவத்சலம் பத்து வருடமாகப் போட்டிருக்கும் செப்பு மோதிரம். கழற்றிவிடுவார். மேஸ்திரிக்குக் கீறிவிடும் போல என்று அவராகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் கழற்றினார், யாரும் சொல்லாமலே, பதினோரு மணிக்கு, ஞாபகமாக. அதோ ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது, வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில். ஒரு குன்றிமணிச் செம்பைக் கழற்றி பத்திரமாக வைத்துவிட்டு ஒரு அண்டாச் செம்பைத் தூக்கி ஊற்றியிருக்கிறார். ஏன்டா மோதிரத்தைக் கழட்டணும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால். ஆனால் இந்த வீட்டில் ஏன் என்ற சொல் செல்லாத காசாகிப் பதினோரு மாதமாகிறது. ஏன் அப்படிப் பண்ணினாய் என்று பையனை நச்சரிக்காதீர்கள், அவனாகச் சொல்வான் என்றார் டாக்டர். அவர் ஒரு ஏனைத்தான் சொன்னார். இவர்கள் இருவரும் வீட்டிலிருந்த அத்தனை ஏனையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். ஏன் சாப்பிடவில்லை, ஏன் இன்னும் விளக்கை அணைக்கவில்லை, ஏன் இந்தச் சட்டை, ஏன் மோதிரம். எந்த ஏன் எந்த ஏனைக் கொண்டுவந்து விடுமோ என்று பயம். அண்டாவைப் பரணிலிருந்து இறக்கத் தெரிந்தவருக்கு அதை இறக்கத் தெரியவில்லை.

பதினோரு மாதத்துக்கு முந்திய அந்த வியாழக்கிழமையும் தண்ணீர்தான். பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு மேல்தொட்டி காலியாகிற கவலை. கதவைத் தட்டினார். "டேய், தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்தினார். அந்த அப்பன் தான்தான் என்பது கூட அப்போது உறைக்கவில்லை. பதில் வராததற்குக் கோபப்பட்டு, மோட்டார் போட மாடிப்படி இறங்கிப் போனார், போன இடத்தில் வாட்ச்மேனோடு பத்து நிமிடம் நின்று கார்ப்பரேஷன் லாரி வராததைப் பற்றிப் பேசினார். பத்து நிமிடம், சிரித்துப் பேசினார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கோமளாதான் செருப்பைக் கூடக் கழற்றாமல், "எவ்வளவு நேரமா ஓடுது?" என்று கேட்டாள். கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. வாட்ச்மேனின் கடப்பாரை. கதவு உடைந்த சத்தம். உடைந்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அதை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிழைத்துவிட்டான். பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து பக்தவத்சலத்துக்கு வேறு கவலையில்லை, மறுபடி, மறுபடி, மறுபடி என்ற ஒன்றைத் தவிர. இப்போது அந்தக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. ஆள் உள்ளே இருந்தால் கைப்பிடியில் துண்டைத் தொங்கவிட வேண்டும். உள்ளே தண்ணீர் ஓடினால் அவர் வெளியே நிற்பார், செருப்பில்லாமல், மூச்சு வெளியே கேட்காமல். அவனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று இவருக்கும் தெரியும்.

போன் அதிர்ந்தது. யுகா. "முடிஞ்சுது. நல்லா பண்ணேன். பஸ் ஏறிட்டேன். மேஸ்திரி தண்ணி மாத்தியாச்சா?" படித்தார். மறுபடி படித்தார். நல்லா பண்ணேன். இடது கட்டைவிரலால் பதில் அடிக்க வரவில்லை, என்ன அடிப்பது. கோமளாவைக் கூப்பிட்டார். ஸ்டாஃப் ரூமில் இருந்தாள், சுற்றிலும் குரல்கள். முழுவதையும் சொன்னார், பல்லியிலிருந்து. "அண்டாவா? என் அண்டாவையா?" என்றாள், பிறகு அண்டாவைப் பற்றிக் கேட்டதற்கே வெட்கப்பட்டவள் போல நிறுத்தினாள். எழுந்து வெளியே போகிறாள் போலிருக்கிறது, குரல்கள் அடங்கின. "செத்துடுச்சா?" "இல்ல. என் கையைப் பிடிச்சிருக்கு." "கேளுங்க. வயசாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. அதுக்கு ஆயுசே ஒரு வருஷம்தான்னு அவனே சொல்லியிருக்கான் இல்ல? அப்படியே சொல்லிடுங்க. அண்டாவைப் பரண்ல போட்டுடுங்க. நான் வர்றதுக்குள்ள போட்டுடுங்க." முப்பது வருடம் கணக்கு டீச்சர். விடையைக் காப்பியடித்தவனை விட, காட்டினவனுக்குத்தான் இரண்டு மடங்கு தண்டனை கொடுக்கிறவள். "கோமளா, பொய்யா சொல்லச் சொல்ற?" "சொல்லுங்க. உங்க கால்ல வேணா விழறேன், சொல்லுங்க." அழுதாள். மணி அடித்தது அங்கே. ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

வயசாயிடுச்சுடா. இல்லை, அப்படி நேராக ஆரம்பிக்கக் கூடாது. பதினோரு மணிக்குப் பார்க்கும்போதே கொஞ்சம் சோர்வா இருந்துச்சுடா. நேத்தே நண்டு சாப்பிடல இல்ல? சாப்பிட்டதே, நேற்று அவன்தானே கொடுத்தான், அவனுக்கே தெரியுமே. கரண்ட் போச்சுடா. பேட்டரி இருக்கிறதே. வயசுதான். வயசுதான் சரி. காலமாயிடுச்சு, நம்ம கையில என்ன இருக்கு. என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் கையில்தான் இருக்கிறது. அதன் கண் அவரைப் பார்க்கிறது, படுக்கைவசமாகக் கோடு கிழித்த கருவிழி, ஆட்டுக்கண் மாதிரி. எதற்காக என்னைப் பிடித்தாய். கரிப் பையை உள்ளே இறக்கும்போதுதானே வந்து பிடித்தது, எட்டு மாதம் துப்பிக்கொண்டிருந்த ஆளை. ஒருவேளை யுகா என்று நினைத்துவிட்டதோ. அவன் கையில் தினமும் இப்படித்தான் ஏறி உட்காரும். அப்பன் கைக்கும் பிள்ளை கைக்கும் ஒரே ருசி இருக்குமோ என்னவோ, உறிஞ்சியாலேயே ருசி பார்க்குமாம். சரி, வயசுதான் என்று சொல்லியாகிவிட்டது என்று வைத்துக்கொள். அவன் கேட்டுக்கொண்டான். தலையை ஆட்டினான். தன் அறைக்குப் போனான். போய் என்ன நினைப்பான்? எட்டு மாதம் நன்றாக இருந்தது, நான் வெளியே போன ஒரே நாளில் போய்விட்டது என்று நினைப்பான். நான் போனேன், போய்விட்டது. அவனுக்கு அந்தக் கணக்குத்தான் வரும், எங்கே சுற்றினாலும் கடைசியில் தன் தலையில் கொண்டுவந்து நிறுத்துகிற கணக்கு. வாலிபால் டீம் தோற்றால் அவனால், தாத்தா போனால் அவன் மருந்துக்கு ஓடியதில் தாமதித்ததால். பழி என்று ஒன்று இருந்தால் அது எங்கேயாவது போய் இறங்கத்தான் வேண்டும். இறங்க இடம் காட்டாவிட்டால் அது அவன்மேல்தான் இறங்கும். ஐயோ, உண்மையைச் சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். சொன்னால், அப்பாவை நம்பிக் கொடுத்தேன் என்று உடைந்துபோவானா. இனி எதையும் யாரிடமும் கொடுக்க மாட்டானா. பண்றீங்களாப்பா. அந்தக் குரலை இனிக் கேட்க முடியாதா.

கீழே தக்காளி வண்டிக்காரனின் மைக் வந்தது, மூன்று கிலோ என்று கத்திவிட்டுத் தெரு முனைக்குப் போனது. பால்கனிக் கம்பிகளின் நிழல் தரையிலிருந்து நகர்ந்து தொட்டியின் காலில் ஏறியிருந்தது. உப்போடு ஜான்பாஷாவின் ஆள் இன்னும் வரவில்லை. ஸ்டூலில் நின்ற கால் மரத்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, கண்ணை மூடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாரா, வெறுமனே நின்றாரா, அவருக்கே நினைவில்லை. திறந்து பார்த்தபோது மேஸ்திரி வெள்ளையாக இருந்தது. நிறம் மாறி வந்த வெள்ளை இல்லை அது, நிறமே போன வெள்ளை. மூச்சு ஓட்டை அசையவில்லை. ஆனால் மணிக்கட்டில் பிடி இருந்தது. இருக்கிறது, இருக்கிறது என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. பிறகு பார்த்தார். கால்களில் இரண்டு ஏற்கெனவே கழன்று தண்ணீரில் தொங்கின. மூன்றாவதன் உறிஞ்சிகள் மட்டும் தோலில் ஒட்டியிருந்தன. மற்றபடி அதன் தலையை உள்ளங்கையில் ஏந்தி விரல்களால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்தான். எப்போதிருந்து என்று தெரியவில்லை. விட வேண்டும், அண்டாவைப் பரணில் போட வேண்டும், கையைத் துடைக்க வேண்டும், முகத்தை வயசாயிடுச்சுடா என்று சொல்கிற முகமாக வைத்துக்கொள்ள வேண்டும். எதையும் செய்யாமல் நின்றார். படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை. கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. யுகா வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் முகம் மெதுவாக மலர்ந்தது.

"அப்பா! உங்க கைக்கு வந்துடுச்சா?" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான், அது பயந்துவிடக் கூடாது என்று. "அசையாதீங்க. அப்படியே இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அம்மா நம்பவே மாட்டாங்க."

போனைத் தூக்கினான். திரையில் பார்த்தான். விரல் பட்டனுக்குப் போகவில்லை. போனை இறக்கிவிட்டு நேராகப் பார்த்தான். இரண்டடி முன்னால் வந்தான்.

"வெள்ளையா இருக்கு."

"யுகா…"

"காலையில நல்லா இருந்துச்சே." ஸ்வீட் பெட்டியைச் சோபாவின் மேல் வைத்தான், அது சரிந்து விழுந்ததைக் கவனிக்கவில்லை. "நான் போயிருக்கக் கூடாதுப்பா. நான் போயிருக்கவே கூடாது."

"நீ போனதால இல்லடா." குரல் தன்னுடையது மாதிரி இல்லை, யாரோ கடப்பாரையால் நெம்பி எடுத்த மாதிரி வந்தது. "நான். நான்தான். உன் டிரம்ல பல்லி விழுந்திருந்துச்சு. விஷம்னு கொட்டிட்டேன். அம்மாவோட செப்பு அண்டாவைப் புளி போட்டுத் தேச்சு அதுல கலந்து ராத்திரி முழுக்க வெச்சேன். அதைத்தான் ஊத்தினேன். அண்டா அங்கதான் இருக்கு, போய்ப் பாரு. ஜான்பாஷா சொல்லித்தான் தெரியும். நான் கொன்னுட்டேன்டா. நீ போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

யுகா பால்கனிப் பக்கம் பார்த்தான். வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து அண்டாவின் விளிம்பு வெயிலில் தகதகவென்று தெரிந்தது. பிறகு ஃபிரிட்ஜ் மேல் பார்த்தான். மோதிரம்.

"மோதிரத்தைக் கழட்டியிருக்கீங்க" என்றான்.

"ஆமா."

"ஏன் கழட்டணும்னு கேக்கவே இல்லியேப்பா. ஒரு நாள் கூட." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. "ஏன் என்கிட்ட எதுவுமே கேக்க மாட்டேங்கறீங்க?"



யுகா சட்டைக் கையை மடித்துக்கொண்டான். ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து தண்ணீருக்குள் கையைவிட்டு, அந்த மூன்றாவது காலின் நுனியைத் தேடி எடுத்தான். அங்கிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு உறிஞ்சியாக, நகத்தால் கீறாமல், அப்பாவின் தோலிலிருந்து நெம்பி விடுவித்தான். ஒவ்வொன்றும் விடும்போது சின்னதாக ஒரு சத்தம். எடுத்து முடித்து அதை மண்சட்டிக்குள் கொண்டுபோய் வைத்தான். இடிந்து கிடந்த கற்களில் இரண்டை எடுத்து வாசலில் அடுக்கினான். அப்பாவின் மணிக்கட்டில் வட்டம் வட்டமாகச் சிவப்புத் தடங்கள், வரிசையாக. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, பாத்ரூமுக்குப் போனான். துண்டு மாட்டவில்லை. கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறந்தது.

பக்தவத்சலம் ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்றார். கையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குழாய் ஓடியது. ஐந்து நிமிடமிருக்கும். மேல்தொட்டி காலியாகட்டும், சென்னையிலிருக்கிற தண்ணீரெல்லாம் ஓடிப்போகட்டும். தள்ளினால் திறக்கிற கதவு. தள்ளக் கை போனது. தள்ளாமல் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"யுகா."

தண்ணீர் ஓடியது.

"ஏன்டா?" என்றார். "அன்னைக்கு. ஏன்டா?"

கேட்டுவிட்டார். பதினோரு மாதமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டார். டாக்டர் முகமும் கோமளா முகமும் வந்து போயின. குழாய் நின்றது. இவ்வளவு நாளும் அது நிற்க வேண்டும் நிற்க வேண்டும் என்றுதான் இந்தக் கதவுக்கு வெளியே வேண்டிக்கொண்டிருக்கிறார், நின்ற பிறகு வந்த அமைதி அதைவிடப் பயமாக இருந்தது. கதவின் கீழ் இடுக்கில் நிழல் நகர்ந்தது. யுகா உள்பக்கமாகக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்கிறான் போலிருக்கிறது.

"அப்பா."

"இருக்கேன்டா."

"சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"பெருசு. நேரமாகும். உக்காருங்க."

பக்தவத்சலம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார்.